கேள்வி கேட்க வேண்டிய இடம் ஏஜெண்டு வீடு அல்ல!

2024ஆம் வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் உச்சம். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகிற கார்களும் வேன்களும் தென்காசி ரஸ்தாவை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலில் புகுந்து ஒரு பீடித் தொழிலாளிப் பெண் நமது சங்க ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் புருஷனின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், இரண்டு நகை அடகுச் சீட்டு, வட்டிக்காரன் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம், பாதி இங்கிலீஷிலும் பாதி அரபியிலும் அச்சடித்த ஒரு விசாத் தாள். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிவிட்டு அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, இதுக்குன்னு தனியா வக்கீலு யாராச்சும் உண்டுமா? இருந்தா எங்க இருக்காக? எவ்வளவு கேப்பாக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மில் தொழிலாளிக்குப் போனஸ் கேட்கத் தெரியும். வயல் கூலிக்குப் பேசத் தெரியும். வேலை உறுதித் திட்டத்தில் சம்பளம் பாக்கி என்றால் எந்த ஆபீசில் போய் உட்கார வேண்டும் என்று தெரியும். ஆனால் கடல் தாண்டிப் போய் மாட்டிக்கொண்ட தொழிலாளிக்கு எந்தச் சட்டம், எந்தக் கோர்ட், எந்த வக்கீல் என்று கேட்டால் தெரியவில்லை. வழக்கம்போல் கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து அவரை அனுப்பினேன். மனு எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்குப் பிறகு சில மாதங்கள் அலைந்து, வக்கீல்களிடமும் விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடும்பத்தின் கதை. புருஷன் ஸ்பின்னிங் மில்லில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது வெளியே தள்ளப்பட்டார். மாசி மாதம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் 'இண்டர்வியூ' நடக்கிறது என்று உறவுக்காரர் ஒருவர் அழைத்துப் போனார். (சீசன் இல்லாத மாதத்தில் லாட்ஜ் ரூம் மலிவு. வாடகைக் கணக்கு ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியும்!) துபாயில் ஸ்டோரில் வேலை, மாதம் 1,500 திர்ஹாம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்றார்கள். கொடுத்தது ரூ. 1,30,000. நகை அடகில் 50,000; மீதி 80,000 ஐந்து வட்டிக்கு. அதாவது மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கு மட்டும். ரசீது? கிடையாது. ஒப்பந்தம்? "அங்கே போனதும் கொடுப்பார்கள்." விசா? சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற 60 நாள் விசா!

போன பிறகு ஸ்டோரும் இல்லை, 1,500 திர்ஹாமும் இல்லை. ஷார்ஜாவில் கட்டிட வேலைக்குச் சுமை தூக்குகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதம் வேலை. ஒரு மாதத்துக்குத்தான் கூலி, அதுவும் குறைத்து. பாஸ்போர்ட்டை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டான். 60 நாள் கழிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 50 திர்ஹாம் அபராதம் ஏறுகிறது. அந்தப் பெண் நம் ஆபீசுக்கு வந்த சமயத்தில் சுமார் 90 நாள் ஆகியிருந்தது. கணக்குப் பாருங்கள்: 4,500 திர்ஹாம். நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்! போவதற்கு ஒரு லட்சத்துக்கு மேல். திரும்பி வருவதற்கும் ஒரு லட்சம். இங்கே அவர் மனைவி பீடி சுற்றி வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் தெருவுக்கு ஒரு வீடு வளைகுடாவை நம்பி நிற்கிறது. நல்லபடியாகப் போய், நல்லபடியாகச் சம்பாதித்து, வீடு கட்டியவர்கள் உண்டு. அவர்களை நாம் மறுக்கவில்லை. அவர்கள் கட்டிய வீடுதான் ஏஜெண்டுக்குச் செலவில்லாத விளம்பரம். ஏமாந்தவன் வீட்டில் விளம்பரம் எங்கே இருக்கிறது? அவன் வெளியிலே சொல்லவே வெட்கப்படுகிறான்.

நம் பாட்டன்மார் காலத்தில் கங்காணி வந்தான். ஊருக்குள் முன்பணம் கொடுத்தான், ஆளைச் சேர்த்தான், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். போனவன் தலைமேல் கடன். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள பணத்தைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் இலங்கையில் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1922இல் வெள்ளைக்கார சர்க்காரே இந்தியாவில் ஒரு குடிப்பெயர்ச்சிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளையும் பேரன்களையும் 1948இல் இலங்கை சர்க்கார் சட்டம் போட்டுப் பிரஜா உரிமை இல்லாதவர்களாக்கியது. 1949இல் மனுப் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக மனு போயிற்று. இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே, பிறந்த சீட்டு எங்கே என்று கேட்டு, பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார்கள். கொழுந்து பறித்தவளிடம் காகிதம் எங்கே இருக்கும்? 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கு பிரித்தார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன்? கடனும் காகிதமும்தான் அன்றும் இன்றும் தொழிலாளியைக் கட்டுகிற கயிறு. இன்றைக்குத் துண்டு இல்லை. வட்டிக்காரன் சீட்டு இருக்கிறது. கடனைத் தீர்க்காமல் திரும்ப முடியாது என்பதால் அங்கே எந்த அக்கிரமத்தையும் பொறுத்துக்கொள்கிறான்.

வக்கீல் ஏன் கண்ணில் படுவதில்லை?

தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து குற்றாலம் வரை சுவரெல்லாம் பாருங்கள். 'வெளிநாட்டு வேலை, உடனடி விசா, கட்டணம் பின்னர்' என்று போஸ்டர். ஒரு வக்கீலின் போஸ்டராவது உண்டா? இருக்காது. வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஆக, ஏமாற்றுகிறவன் ஊரெல்லாம் எழுதி ஒட்டலாம். அதைத் தடுக்கத் தெரிந்தவன் தன் வீட்டு வாசலில் சின்னப் பலகை ஒன்று வைத்துக்கொள்ளலாம். விதியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. விளைவு இப்படி இருக்கிறது.

சென்னையில் 'இமிக்ரேஷன்' என்று பலகை வைத்தவர்கள் உண்டு. அவர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற படித்தவர்களுக்கான ஆட்கள். அவர்களில் பலர் வக்கீலே அல்ல. சுமை தூக்கப் போகிற மில் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்காது. திறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் தனியாக அதற்கென்று வக்கீலைத் தேட வேண்டுமா? வேண்டியதில்லை. நாம் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அதுதான். தென்காசி வக்கீல் துபாய் கோர்ட்டிலோ ரியாத் கோர்ட்டிலோ வாதாட முடியாது. ஆனால் குற்றம் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. பணம் வாங்கியது இங்கே. பொய் சொன்னது இங்கே. லைசென்சு இல்லாமல் ஆள் சேர்த்தது இங்கே. இந்தக் குற்றத்துக்குத் தென்காசி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகிற சாதாரண கிரிமினல் வக்கீல் போதும். அவர் 1983ஆம் வருஷத்துக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்தை ஒரு தடவை படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது சின்னச் சட்டம். ஒரு ராத்திரியில் படித்துவிடலாம்.

பணம்? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் என்று 1987இல் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன்படி யார் யாருக்கு இலவசமாக வக்கீல் தர வேண்டும் தெரியுமா? பெண்களுக்கு. பெண் என்றால் போதும், வருமானம் பார்ப்பதில்லை. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு. ஆலைத் தொழிலாளிக்கு. ஆள் கடத்தலுக்கும் கட்டாய வேலைக்கும் ஆளானவர்களுக்கு. மாற்றுத் திறனாளிகளுக்கு. இவற்றில் எதிலும் சேராத விவசாயத் தொழிலாளி வருமானம் குறைவு என்ற கணக்கில் வந்துவிடுவார். இந்தப் பத்திரிகை வாசகர்களில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவர் அநேகமாக ஒருவரும் இல்லை! கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒரு அறை இருக்கும். அங்கே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் 15100 என்ற எண்ணும் இருக்கிறது.

தானாகவே ஒரு வக்கீலை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "வருகிற பணத்தில் பாதி எனக்கு" என்று ஒரு வக்கீல் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கில் கிடைக்கிற பணத்தில் பங்கு பேசக் கூடாது என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. பீஸ் என்றால் பீஸ், பங்கு கிடையாது.

ஜனங்கள் கேட்கிற கேள்விகள்

ஏஜெண்டு உண்மையானவனா என்று எப்படித் தெரியும்? இதுதான் எல்லோரும் கேட்பது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவன் மத்திய சர்க்காரின் வெளியுறவு இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆபீசிலும் விளம்பரத்திலும் போட்டிருக்க வேண்டும். பதிவின் காலம் முடிந்துவிட்டதா, ரத்தாகிவிட்டதா என்று சர்க்காரின் இ-மைக்ரேட் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காலேஜில் படிக்கிற பையன் ஒருவன் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். இலவசமாகக் கேட்க 1800 11 3090 என்ற எண்ணும் உண்டு. "நான் பெரிய ஏஜெண்டின் துணை ஏஜெண்டு" என்று ஒருவன் சொன்னால்? சட்டத்தில் துணை ஏஜெண்டு என்று ஒருவனே கிடையாது. மாமன், மச்சான், ஒன்றுவிட்ட அண்ணன் என்று நம் வீட்டுக்குள்ளேயே வருகிறவன்தான் பெரும்பாலும் அந்தத் துணை ஏஜெண்டு. வருத்தத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் தோழர்களிலும் ஒருவர் இரண்டு பேர் ஆளைக் காட்டிவிட்டுக் கமிஷன் வாங்கியிருக்கிறார்கள். அது கிளைக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம், பேசுவோம்.

எவ்வளவு பணம் கொடுக்கலாம்? பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ. 30,000. அதன்மேல் 18 சத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். 1,30,000 எங்கே, 35,400 எங்கே! அரபு எமிரேட்டிலோ 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஆளெடுக்கிற செலவைத் தொழிலாளியிடமிருந்து முதலாளி வசூலிக்கவே கூடாது.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சடித்திருக்கிறதே, அது என்ன? பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் அப்படி இருக்கும். சவூதி, எமிரேட், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். "அது பெரிய தொல்லை, நான் வேறு வழியில் அனுப்புகிறேன்" என்று ஏஜெண்டு சொல்வான். அந்த வேறு வழிதான் சுற்றுலா விசா. தொல்லையா அது? அந்த அனுமதி வாங்கும்போதுதான் வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் பதிவாகிறது. அப்போதுதான் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்சூரன்சும் கட்டாயமாகச் சேர்கிறது. இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் ரூ. 275. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம். வேலை சம்பந்தமாக அங்கே வழக்கு நடத்த வேண்டி வந்தால் ரூ. 45,000 வரை வழக்குச் செலவும் அதில் உண்டு. அதாவது வக்கீல் செலவையும் சேர்த்து 275 ரூபாயில் வைத்திருக்கிறார்கள்! நம் மில் தொழிலாளி சுற்றுலா விசாவில் போனதால் அனுமதி இல்லை, ஒப்பந்தம் இல்லை, இன்சூரன்சும் இல்லை. ஏஜெண்டு மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்தத் 'தொல்லை'யைத்தான்.

சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது அந்த நாட்டுச் சட்டப்படியும் குற்றம். அப்படி ஆள் வைக்கிற முதலாளிக்கு எமிரேட்டில் 2024 ஆகஸ்டில் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை உயர்த்தினார்கள். 'ஃப்ரீ விசா' என்று ஒன்று விற்கிறார்களே, அதுவும் இதே ஜாதிதான். ஒருவன் பெயரில் விசா, வேறொருவனிடம் வேலை. பிடிபட்டால் சிறைக்குப் போவது விசா விற்றவன் அல்ல.

பாஸ்போர்ட்டை ஏஜெண்டு வைத்துக்கொண்டு பணம் கேட்டால்? 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் காட்டுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் மத்திய சர்க்காரின் சொத்து. அடகு வைக்க அது உங்கள் நகை அல்ல. பிடித்து வைக்க அவன் சொத்தும் அல்ல. எமிரேட்டிலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடைமுறையில் பிடித்து வைக்கிறார்கள். அப்போது இந்தியத் தூதரகத்தில் புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வேலைக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறேன் என்று வருகிறவர்களும் உண்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது ஆகாமல் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அனுப்புவதும் சர்க்கார் ஸ்தாபனங்கள் மூலமாகத்தான். நம் மாகாணத்தில் அது ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். தனி ஏஜெண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சம்பள பாக்கியோடு திரும்பி வந்துவிட்டால்? இது 2020இல் கொரோனா சமயத்தில் நிறையப் பேருக்கு நடந்தது. விமானம் கிடைத்தால் போதும் என்று கிடைத்த தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். சவூதியில் வேலை முடிந்த 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வேலை பார்த்த முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் அங்கே சட்டத்தில் உண்டு. நம்மூர் மில்லில் கிராச்சுட்டி கேட்கிற மாதிரி அதையும் கேட்க வேண்டும். 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில், பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடக் கூடாது. திரும்பி வருமுன் அங்கே நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி வைத்துவிட்டால் பிறகு வழக்கு நடத்த ஒரு பிடி இருக்கும். ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்து யோசித்தால் சிரமம்தான்.

போலீஸ் கைவிரித்தால்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் பெண் தொழிலாளி ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, "கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போ" என்றார்கள். இரண்டாம் தடவை போனபோதும் அதே பதில். ஆனால் 1983ஆம் வருஷச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பதிவில்லாமல் ஆள் சேர்ப்பதைத் தடை செய்கிறது. 24ஆவது பிரிவு அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. 26ஆவது பிரிவு இவை போலீஸ் நேரடியாக வழக்கெடுக்கக்கூடிய குற்றங்கள் என்கிறது. சிவில் விவகாரம் என்பது எங்கே எழுதியிருக்கிறது?

"மத்திய சர்க்காரின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட்டில் வழக்கு நடத்த முடியாது" என்று இன்னொரு முட்டுக்கட்டை சொல்வார்கள். 27ஆவது பிரிவில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அதே பிரிவில் அடுத்த வரியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஏமாற்றப்பட்ட தொழிலாளியே பிராது கொடுத்தால் அனுமதி வேண்டாம். அவருக்காகத் தகப்பன், தாய், புருஷன், மனைவி, மகன், மகள், சகோதரன், சகோதரி கொடுத்தாலும் அனுமதி வேண்டாம். சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது: ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பான், வீட்டில் இருக்கிறவள்தான் கோர்ட்டுக்கு வருவாள் என்று. ஜவுளிக்கடைப் பையோடு வந்த அந்தப் பெண்ணுக்காகவே எழுதிய வரி அது. அந்த வரி எனக்குத் தெரியாததால் இரண்டு மாதம் வீணாயிற்று.

சட்டப் பணிகள் குழு கொடுத்த வக்கீல் ஒரு இளம் பெண். அவருக்கும் இந்தச் சட்டம் புதிது. ஒளிக்காமல் சொன்னார், ஒரு வாரம் கேட்டார், படித்துவிட்டு வந்தார். மனைவி பெயரில் மாஜிஸ்திரேட்டிடம் பிராது போயிற்று. பணம் வாங்கியது 2024 ஜூலைக்கு முன்பு என்பதால், ஏமாற்றுக் குற்றத்துக்கு, அந்த ஜூலையிலிருந்து வந்திருக்கிற புதிய சட்டத்தின் 318ஆவது பிரிவு அல்ல, பழைய 420ஆவது பிரிவே சேர்ந்தது. கோர்ட் உத்தரவிட்ட பிறகு எப்.ஐ.ஆர். பதிவாயிற்று. ஏஜெண்டு முன் ஜாமீன் வாங்கிக்கொண்டு, 40,000 ரூபாயைக் கொண்டுவந்து நீட்டினான்; "வாபஸ் வாங்கினால் இன்னும் கொஞ்சம் தருகிறேன்" என்றான். அந்தப் பெண் 40,000 ரூபாய்க்கு எழுத்தில் ரசீது கொடுத்தார், வாபஸ் வாங்கவில்லை.

புருஷன் எப்படித் திரும்பினார்? நாம் மீட்டோம் என்று மார் தட்ட மாட்டேன். எமிரேட் சர்க்கார் 2024 செப்டம்பர் 1 முதல் வருஷக் கடைசி வரை பொது மன்னிப்பு அறிவித்தது. விசா முடிந்து தங்கியவர்கள் அபராதம் இல்லாமல் திரும்பலாம் என்றது. ஐப்பசியில் அவர் ஊர் வந்து சேர்ந்தார். விமான டிக்கெட்டுக்கும் கடன்தான். அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் அபராதம் இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்?

சர்க்கார் என்ன செய்கிறது?

1983இல் பதிவில்லாத ஏஜெண்டுக்கு வைத்த அபராதம் 2,000 ரூபாய் வரை. நாற்பது வருஷம் கழிந்தும் அது 2,000 ரூபாய்தான்! ஒரு ஆளிடம் ஒரு லட்சம் அடிக்கிறவனுக்கு 2,000 ரூபாய் அபராதம் டீச் செலவு அல்லவா? 2021இல் ஒரு புதிய சட்ட வரைவு வெளியிட்டார்கள். 2025இல் இன்னொரு வரைவு. வரைவு வருகிறது, கருத்துக் கேட்கிறார்கள். அதற்குள் எத்தனை மாசியில் எத்தனை லாட்ஜில் இண்டர்வியூ நடந்துவிட்டது!

குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் ஆபீஸ் சென்னையில். தென்காசியிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியையும் ரயில் சார்ஜையும் விட்டுவிட்டு யார் போய்க் கேட்பார்கள்? ஏஜெண்டு வீடோ அடுத்த தெருவில். குற்றாலம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென்று 1996இலேயே தனி இலாகா வைத்தார்கள். நோர்க்கா ரூட்ஸ் என்ற ஸ்தாபனத்தின் மூலம் வெளிநாட்டிலேயே சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்தார்கள். இங்கே 2011இல் சட்டம் வந்தது. அயலகத் தமிழர் நல வாரியமும் வந்திருக்கிறது; நல்லது. ஆனால் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத தொழிலாளிகளை நான் வாரம் ஒருவராகச் சந்திக்கிறேன். 2019இல் தென்காசியைத் தனி ஜில்லாவாக்கினார்களே, இந்த ஜில்லாத் தலைநகரில் வாரம் ஒரு நாள் ஒரு உத்தியோகஸ்தரும் ஒரு சட்டப் பணிகள் வக்கீலும் உட்கார்ந்து, போகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துச் சொன்னால் என்ன? ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இதைத்தான் கேட்கிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கமும் பீடித் தொழிலாளர் சங்கமும் மில் சங்கமும் சேர்ந்து இந்தக் கோரிக்கையைக் கலெக்டரிடம் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அது வரும்வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்க ஆபீசில் நாங்கள் உட்காருகிறோம். அந்த இளம் வக்கீல் மாதம் இரண்டு தடவை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு பையன், பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் வந்தான். ஏஜெண்டின் பதிவு எண்ணைப் பார்த்தோம். காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பையன் தலையைச் சொறிந்தான். "அட்வான்ஸ் அஞ்சாயிரம் குடுத்துட்டேனே அண்ணாச்சி" என்றான். ஐயாயிரத்தோடு போயிற்று.

வருகிறவர்கள் ஒப்பந்தம், விசாத் தாள், பணம் கொடுத்த ரசீது, ரசீது இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சு, பாங்கில் பணம் போட்ட சீட்டு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஒன்றையும் கிழித்தெறிய வேண்டாம், அழிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். அசலை எங்களிடம்கூடக் கொடுக்காதீர்கள்.